லாரிக்கு மின்விசிறி: ஆதாயக் கணக்கு எவ்வளவு தூரம் சரி?

லாரி என்ஜினின் முகப்பில் சுழலும் விசிறியைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தால் சுழலும் விசிறி ஒன்றை ரேடியேட்டரோடு சேர்த்துப் பொருத்தினால் என்ஜினுக்குச் சுமை குறையும், டீசல் மிச்சமாகும் என்னும் கருத்து பட்டறைகளிலும் லாரி உரிமையாளர்களிடையேயும் வழங்கி வருகிறது. பழைய ஜீப்புகளையும் கார்களையும் இவ்வாறு மாற்றிப் பயன் கண்டவர்கள் உண்டு. காருக்கு ஆகி வந்தது லாரிக்கும் ஆகாதா என்று கேட்பது இயல்பே. விசிறியை என்ஜின் சுழற்றினால் டீசல் செலவாகிறது, மின்சாரம் சுழற்றினால் செலவில்லை என்பதே இக்கருத்தின் உயிர்நாடி.

இக்கருத்தை எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கேலி செய்வது அன்று. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை எந்தச் சாலையில், எந்தச் சுமையில் உண்மை என்பதை எடுத்துச் சொல்வோர் குறைவு. அதைச் சொல்லாமல் விட்டால் இழப்பு சிறியதன்று. மலைச்சாலையின் நடுவில் தண்ணீர் கொதித்து லாரி நின்றால், சிலிண்டர் ஹெட் வளையலாம், ஹெட் கேஸ்கட் போகலாம், பிஸ்டன் இறுகிக்கொள்ளலாம். ஏற்றிய தக்காளி அழுகிப்போகும். 'சூட்டுமுள்ளைப் பார்க்காமல் ஓட்டினாய்' என்று பழியும் ஓட்டுநரின் தலையில்தான் விழும். விசிறியை மாற்றச் சொன்னவரோ பட்டறையில் நிழலில் இருப்பார். ஆகவே, வாசகர்களே, காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் நாம் படித்த இயற்பியலே இந்த வழக்கைத் தீர்த்து வைக்கப் போதுமானது.

விசிறி எதற்காக?

டீசல் என்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகிறது. ஏறத்தாழ கால் பங்கு, சிலிண்டர்ச் சுவர்கள் வழியாகக் குளிர்விக்கும் தண்ணீருக்குப் போய்ச் சேருகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. தண்ணீர் இந்த வெப்பத்தை அழித்துவிடுவதில்லை. அதைச் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது, அவ்வளவே. அங்கே மெல்லிய குழாய்களுக்கும் தகடுகளுக்கும் இடையே புகுந்து செல்லும் காற்றே வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. ரேடியேட்டர் என்னும் பெயர் கதிர்வீச்சைக் குறித்தாலும், அங்கே நடக்கும் வேலையில் கதிர்வீச்சின் பங்கு மிகச் சிறிது. காற்று நின்றால் ரேடியேட்டரும் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

ரேடியேட்டருக்குள் காற்று புக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வண்டி முன்னோக்கி ஓடும்போது எதிர்க்காற்று தானே புகுவது. மற்றொன்று, விசிறி காற்றை இழுப்பது. இந்த இரண்டில் எப்போது எது வேலை செய்கிறது என்பதில்தான் நம் வழக்கின் முடிவு அடங்கியிருக்கிறது.

ஓர் ஊரிலிருந்து இரண்டு சாலைகள்

நம் கணக்குக்கு ஓர் ஊர் வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு வடக்கே, தாராபுரம் பக்கமாகப் பரந்து கிடக்கும் வறண்ட சமவெளியில் உள்ள தொப்பம்பட்டியை எடுத்துக்கொள்வோம். காய்கறிக்குப் பேர்போன ஒட்டன்சத்திரம் சந்தை இதன் அருகில்தான் இருக்கிறது. அங்கிருந்து லாரிகள் கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்கின்றன. மேற்கே போகும் லாரி பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக் கணவாயை அடைகிறது. மேற்குத்தொடர்ச்சி மலையில் இயற்கை விட்டுவைத்த அகன்ற இடைவெளி அது. அவ்வழியில் பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. தெற்கே திரும்பும் லாரியோ கொடைக்கானல் மலையில் ஏற வேண்டும். சமவெளியிலிருந்து அவ்வூர் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

16 டன் மொத்த எடையும் 130 குதிரைத்திறன் என்ஜினும் உள்ள ஒரு லாரியை நாம் கற்பனை செய்துகொள்வோம். 130 குதிரைத்திறன் என்பது 97 கிலோவாட். கோடைநாள், வெளிக்காற்றின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் என வைத்துக்கொள்வோம்.

முதலில் பொள்ளாச்சிச் சாலை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். டயர்களின் உருளல் தடையையும் காற்றின் தடையையும் வெல்ல என்ஜின் ஏறத்தாழ 43 கிலோவாட் திறன் தந்தால் போதும். என்ஜின் தன் வலிமையில் பாதியைக்கூடக் காட்டவில்லை. அந்த வேகத்தில் எதிர்க்காற்று ரேடியேட்டரின் முகத்தில் தரும் அழுத்தம் ஏறத்தாழ 157 பாஸ்கல்.

அடுத்து மலைச்சாலை. 15 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் ஏறும் சரிவில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, அதே லாரியின் என்ஜின் ஏறத்தாழ 93 கிலோவாட் தர வேண்டும். அதாவது என்ஜின் தன் முழு மூச்சையும் பிடித்து உழைக்கிறது. எதிர்க்காற்றோ 27 பாஸ்கல் அழுத்தம்தான் தருகிறது. ஏனெனில் காற்றழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. வேகம் பாதியானால் அழுத்தம் கால் பங்காகிவிடும்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சமவெளியில் வெப்பம் குறைவு, இலவசக் காற்று மிகுதி. மலையில் வெப்பம் இருமடங்குக்கும் மேல், இலவசக் காற்று ஆறில் ஒரு பங்கு. எப்போது உதவி மிகவும் தேவையோ அப்போதுதான் எதிர்க்காற்று கைவிட்டுவிடுகிறது. லாரியில் விசிறி வைத்திருப்பதே அந்த நேரத்துக்காகத்தான்.

மலையில் விசிறி செய்ய வேண்டிய வேலை

93 கிலோவாட் வேலை செய்யும் என்ஜின், தண்ணீருக்கு ஏறத்தாழ 60 கிலோவாட் வெப்பத்தைத் தள்ளுகிறது. வீட்டில் தண்ணீர் காய வைக்கும் ஒரு கிலோவாட் ஹீட்டர்கள் அறுபதை ஒரே தொட்டியில் போட்டதுபோல் இருக்கும் இது! இவ்வளவு வெப்பத்தையும் காற்று எடுத்துச் செல்ல வேண்டும். ரேடியேட்டரைக் கடக்கும்போது காற்று 30 டிகிரி சூடேறுகிறது என்று கொண்டால், விநாடிக்கு 2 கிலோகிராம் காற்று வேண்டும். அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 1.8 கன மீட்டர்.

முகப்புச் சல்லடை, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், ரேடியேட்டர், பின்னால் மறித்து நிற்கும் என்ஜின் ஆகிய எல்லாத் தடைகளையும் தாண்டி இவ்வளவு காற்றைத் தள்ள 1,000 பாஸ்கல் அழுத்தம் தேவைப்படுவதாகக் கொள்வோம். இது 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தமே. அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் 1.8 கிலோவாட். விசிறியின் திறமை 45 சதவீதம் எனக் கொண்டால், விசிறியின் அச்சில் நாம் தர வேண்டிய திறன் 4 கிலோவாட். ஐந்து குதிரைத்திறனுக்குச் சற்று மேல். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்றின் அளவு இது.

என்ஜினுக்குச் சுமை என்று சொல்கிறார்களே, அது இந்த ஐந்து குதிரைத்திறன்தான். சுமை பொய்யன்று. ஆனால் அதை இறக்கி வைத்துவிட்டால் இந்த வேலையை வேறு யார் செய்வது?

மின்சாரம் வாங்கும் தரகு

மின்சாரம் செய்யட்டும் என்பது பதில். அப்படியானால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? லாரியில் மின்கம்பம் ஏதுமில்லை. என்ஜின் பெல்ட்டைச் சுழற்றுகிறது. பெல்ட் ஆல்டர்நேட்டரைச் சுழற்றுகிறது. ஆல்டர்நேட்டர் மின்சாரம் தருகிறது. 'ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது' என்று தேர்வில் பிழையின்றி எழுதும் மாணவர்கூட, பட்டறையில் நிற்கும்போது மின்சாரம் இலவசமாக வருவதாக நம்பிவிடுகிறார். பாடம் தேர்வுத்தாளோடு நின்றுவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒட்டன்சத்திரம் மண்டியில் விவசாயியின் சரக்கு கைமாறும் இடமெல்லாம் தரகு பிடிக்கிறார்கள் அல்லவா? ஆற்றல் உருமாறும் இடங்களிலும் அப்படித்தான். என்ஜின் தரும் திறனில் ஏறத்தாழ 60 சதவீதந்தான் ஆல்டர்நேட்டரையும் ஒயர்களையும் தாண்டி விசிறி மோட்டாருக்குப் போய்ச் சேருகிறது. மோட்டார் தன் பங்குக்கு 25 சதவீதம் பிடித்துக்கொள்கிறது. முடிவில் 100 வாட் கொடுத்தால் 45 வாட் கைக்கு வருகிறது. பெல்ட் நேராக விசிறியைச் சுழற்றினாலோ மிகச் சிறிய இழப்புடன் காரியம் முடிந்துவிடும்.

ஆகவே விசிறி அச்சில் 4 கிலோவாட் வேண்டுமானால், மின்வழியில் என்ஜினிடமிருந்து ஏறத்தாழ 9 கிலோவாட் வாங்க வேண்டும். சுமை குறையவில்லை, இருமடங்குக்கும் மேல் ஆகிவிட்டது. மோட்டாருக்கு வேண்டிய மின்திறன் 5.3 கிலோவாட். லாரியின் மின்னமைப்பு 24 வோல்ட். சார்ஜ் ஆகும்போது 28 வோல்ட். அந்த அளவில் 190 ஆம்பியர் மின்னோட்டம் ஓட வேண்டும். இந்த அளவு லாரிகளில் பொதுவாகக் காணப்படும் ஆல்டர்நேட்டர் அந்த அளவில் பாதியைத் தருவதே அரிது. விளக்குகளுக்கும் மற்றவற்றுக்கும் அதிலிருந்தே பங்கு கொடுக்க வேண்டும்.

'பேட்டரி இருக்கிறதே' என்பீர்கள். 24 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் அடங்கிய ஆற்றல் 3.6 கிலோவாட்-மணி. பேட்டரியை மட்டும் நம்பினால், ஒட்டச் சுரண்டினாலும் 40 நிமிடத்துக்கு மேல் தாங்காது. நம் லாரி 1,800 மீட்டர் ஏற, முழுத் திறனில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உழைக்க வேண்டும். பாதி மலையில் பேட்டரி காலியானால் லாரியை நிறுத்தினபின் மறுபடி கிளப்புவதற்கும் வழியிராது.

மும்மடி விதியின் இரு முகங்கள்

கடைகளில் கிடைக்கும் மின்விசிறிகள் 4 கிலோவாட்டுக்கு அருகில்கூட வருவதில்லை. இரண்டு விசிறிகளைச் சேர்த்துப் பொருத்தினாலும் 500 வாட் அளவில் நின்றுவிடும். பத்தில் ஒரு பங்கு வலிமையுள்ள விசிறி எப்படி வேலை செய்கிறது? 'என் வண்டி சூடாகவே இல்லை' என்று சிலர் அடித்துச் சொல்கிறார்களே, அது பொய்யா?

பொய்யன்று. விசிறிகளின் மும்மடி விதி என்று ஒன்று உண்டு. விசிறி தள்ளும் காற்றின் அளவு அதன் வேகத்துக்கு நேர்விகிதம். உண்டாக்கும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம். வாங்கும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதம். எனவே காற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டால் திறன் எட்டில் ஒரு பங்கு போதும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 500 வாட் மின்சாரத்தில் மோட்டார் அச்சில் தருவது 375 வாட். இது 4 கிலோவாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆனாலும் அது தள்ளும் காற்று பத்தில் ஒரு பங்காகிவிடுவதில்லை. ஏறத்தாழ 45 சதவீதம் இருக்கும்.

சமவெளியில் இது தாராளம். அங்கே நம் லாரியின் தண்ணீருக்குச் செல்லும் வெப்பம் ஏறத்தாழ 27 கிலோவாட். மலையில் உள்ளதில் 45 சதவீதம். எதிர்க்காற்று மட்டுமே 40 சதவீதக் காற்றைத் தந்துவிடுகிறது. விசிறி ஓடாவிட்டாலும் ரேடியேட்டர் ஏறத்தாழச் சமாளித்துவிடும்.

இங்கே நம் பகுதிக்கே உரிய ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து கிழக்கே பாய்கிறது. இப்பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மேற்கே போகும் லாரிக்கு அது எதிர்க்காற்று, ரேடியேட்டருக்குக் கொண்டாட்டம். திரும்பி வரும்போது அது முதுகுக்காற்று. லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, காற்று பின்னிருந்து 25 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், ரேடியேட்டர் உணர்வது 35 கிலோமீட்டர் வேகத்தை மட்டுமே. அப்போது அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. விசிறியின் உதவி தேவைப்படுகிறது. அந்த உதவிக்கு 500 வாட் விசிறி போதும்.

மலையில் போதாது. அங்கே 60 கிலோவாட் வெப்பத்தை 45 சதவீதக் காற்று எடுத்துச் செல்ல வேண்டுமானால், அக்காற்று 30 டிகிரிக்குப் பதில் 66 டிகிரி சூடேற வேண்டும். 40 டிகிரியில் உள்ளே வரும் காற்று 106 டிகிரியில் வெளியே போக வேண்டும். தண்ணீரோ 95 டிகிரியில் இருக்கிறது. தன்னைவிடச் சூடான காற்றுக்கு அது வெப்பம் கொடுக்க இயலுமா? இயலாது. ஆகவே தண்ணீரின் வெப்பநிலைதான் ஏறும். அழுத்த மூடியின் உதவியால் தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரிக்கு மேல் தள்ளிப்போகும் என்பது உண்மையே. ஆனால் அந்த இடைவெளி ஒரு பாதுகாப்புக்காக வைத்தது. அதையே அன்றாடச் செலவுக்கு எடுத்தால், மூடி சற்றுத் தளர்ந்த அன்றே கணக்கு முடிந்துவிடும்.

மேலே போகப் போகக் குளிர்ந்த காற்று கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் ஏற்றம் தொடங்குவது அடிவாரத்தில், அந்த 40 டிகிரி வெயிலில். ஆபத்து முதல் வளைவுகளிலேயே காத்திருக்கிறது.

இப்போது பாருங்கள்: மின்விசிறியைப் புகழ்பவரும் இகழ்பவரும் கண்டதையே சொல்கிறார்கள். ஒருவர் பொள்ளாச்சிக்கு ஓட்டினார். மற்றவர் கொடைக்கானலுக்கு ஓட்டினார். சாலையைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்வதுதான் குற்றம்.

டீசல் எவ்வளவு மிச்சம்?

சரி, சமவெளியில் மட்டும் ஓடும் லாரிக்காவது மிச்சம் உண்டா? உண்டு, அளவைக் கணக்கிடுவோம். என்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் சுழலும்போது 4 கிலோவாட் வாங்கும் விசிறி, 1,600 சுற்றில் மும்மடி விதிப்படி 1.2 கிலோவாட் மட்டுமே வாங்கும். நம் லாரி அப்போது செலவிடுவது 43 கிலோவாட். விசிறியை அடியோடு நிறுத்தினாலும் மிச்சம் ஏறத்தாழ 3 சதவீதம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரி 300 கிலோமீட்டர் ஓட 75 லிட்டர் டீசல் குடிக்கிறது. மிச்சம் 2 லிட்டருக்குச் சற்று மேல்.

இரண்டு லிட்டரை நான் அலட்சியம் செய்யவில்லை. நாள்தோறும் ஓடும் லாரிக்கு அது பெரிய காசுதான். ஆனால் பத்து, பதினைந்து சதவீதம் மிச்சம் என்று எவரேனும் சொன்னால், மற்றதை எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள். டயரில் காற்று சரிபார்த்ததும், இன்ஜெக்டர் துப்புரவு செய்ததும், ஓட்டுநர் நிதானமாக ஓட்டியதும் அதே வாரத்தில் நடந்திருக்கலாம்.

இன்னொன்றையும் ஊன்றிக் கவனியுங்கள். இந்த மிச்சம் மின்சாரத்தால் வந்ததன்று. வேண்டாதபோது விசிறி நின்றதால் வந்தது. விசிறியை நிறுத்தி வைக்க மின்சாரம் ஒன்றுதான் வழியா?

நிறுத்தத் தெரிந்த பெல்ட் விசிறி

இல்லை. லாரி செய்வோர் இந்தச் சிக்கலை வேறு வகையில் தீர்த்திருக்கிறார்கள். அதன் பெயர் விஸ்கஸ் ஃபேன். விசிறிக்கும் அதைச் சுழற்றும் அச்சுக்கும் இடையே ஒரு தட்டையான பெட்டி இருக்கும். அதற்குள் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய். பெட்டியின் முகத்தில் ஈருலோகச் சுருள் ஒன்று உண்டு. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடாக இருந்தால் சுருள் முறுக்கிக்கொண்டு ஒரு சிறு கதவைத் திறக்கிறது. எண்ணெய் வரிப்பள்ளங்களுக்குள் புகுந்து அச்சையும் விசிறியையும் பிணைக்கிறது. விசிறி வேகமாகச் சுழல்கிறது. காற்று குளிர்ந்தால் கதவு மூடிக்கொள்கிறது, எண்ணெய் வெளியேறுகிறது, விசிறி சோம்பலாகச் சுற்றுகிறது. அப்போது அது வாங்கும் திறன் மிகச் சொற்பம். ஒயர் இல்லை, ரிலே இல்லை, தரகும் இல்லை. இன்றைய லாரிகள் பலவற்றில் இந்தப் பிணைப்பை மின்னணுக் கருவியே கட்டுப்படுத்துகிறது.

விஸ்கஸ் ஃபேன் உள்ள லாரியில் அதைக் கழற்றி மின்விசிறி பொருத்துபவர், ஏற்கெனவே கையில் உள்ள மிச்சத்தையே மறுபடியும் விலை கொடுத்து வாங்குகிறார். போதாததற்கு மலை ஏறும் வலிமையையும் இழக்கிறார்.

கார் வேறு, லாரி வேறு. ரயில் என்ஜின் வேறு

அப்படியானால் கார்களில் மின்விசிறி ஏன்? அம்பாசிடர் காரில் என்ஜின் நெடுக்காக இருந்தது, தண்ணீர்ப் பம்பின் அச்சிலேயே விசிறி இருந்தது, பெல்ட் சுழற்றியது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரில் என்ஜின் குறுக்காக வைக்கப்பட்டது. என்ஜினின் அச்சு பக்கவாட்டில் திரும்பிவிட்டதால், முன்னே உள்ள ரேடியேட்டருக்கு நேரே விசிறியைப் பொருத்த இடமில்லாமல் போயிற்று. மின்விசிறி அங்கே வசதியான தீர்வாயிற்று. கார் என்ஜின் தன் முழுத் திறனை நெடுநேரம் தருவது அரிது. மெதுவாக ஓடும்போது அதன் வெப்பமும் குறைவு. முழுச் சுமையோடு, மெதுவாக, நெடுநேரம் ஏறுவது லாரியின் தலைவிதி. இந்த வேற்றுமையை மறப்பதுதான் ஒப்புமையில் உள்ள ஓட்டை.

மின்சாரத்தால் பெரிய விசிறியைச் சுழற்றவே முடியாது என்று மறுகோடிக்கு ஓடுவதும் தவறு. நம் ரயில் என்ஜின்களைப் பாருங்கள். 1962ல் அமெரிக்காவிலிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் தயாரிக்கப்பட்ட டபிள்யூ.டி.எம்-2 டீசல் என்ஜின் 2,600 குதிரைத்திறன் உடையது. சக்கரங்களை மின்மோட்டார் மூலம் ஓட்டிய அந்த என்ஜினிலேயே, ரேடியேட்டர் விசிறியை மட்டும் டீசல் என்ஜினின் அச்சு சுழற்றியது. சுழல் மின்னோட்டப் பிணைப்பு ஒன்று விசிறியின் வேகத்தை வேண்டியபடி கூட்டிக் குறைத்தது. பின்னர் 1999ல் வந்த டபிள்யூ.டி.ஜி-4 என்ஜினிலோ ரேடியேட்டர் விசிறிகளை மாறுமின்னோட்ட மோட்டார்கள் சுழற்றுகின்றன. அந்த மோட்டார்களுக்கு ஊட்டுவதற்கென்றே ஒரு துணை ஆல்டர்நேட்டர் அதில் இருக்கிறது. பெரிய விசிறி வேண்டுமென்றபோது, அதற்கேற்ற பெரிய மின்னாக்கியையும் முதலிலேயே வைத்து வடிவமைத்தார்கள். குறை மின்சாரத்தில் இல்லை. விசிறியை மட்டும் மாற்றிவிட்டு, அதற்கு ஊட்டும் மின்னாக்கியைப் பழையபடி விட்டுவைப்பதில்தான் குறை இருக்கிறது.

மின்பேருந்துகளிலும் குளிர்விக்கும் விசிறிகள் மின்சாரத்தால்தான் ஓடுகின்றன. அங்கே மோட்டாரின் இழப்பு மிகச் சிறிது. ஊட்டுவதற்குப் பெரிய பேட்டரியும் உண்டு. கணக்கு வேறு, முடிவும் வேறு.

பொருத்துவதில் உள்ள வினைகள்

வேலை எளிது, அரை நாளில் முடிந்துவிடும் என்பார்கள். பொருத்துவது எளிதுதான். சரியாகப் பொருத்துவது எளிதன்று. விசிறியைச் சுற்றியுள்ள கூண்டைக் கழற்றிவிட்டால், இலைகள் ஒரே காற்றைச் சுற்றிச் சுற்றிக் கலக்கும். ரேடியேட்டரின் மூலைகளில் காற்றே போகாது. ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் தள்ளும் விசிறி வேண்டும். பின்னால் வைத்தால் இழுக்கும் விசிறி வேண்டும். ஒயரை மாற்றிக் கொடுத்துச் சுழற்சியைத் திருப்பிவிட்டால் மட்டும் போதாது. இலையின் வளைவும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பட்டைகளை ரேடியேட்டர்த் தகடுகளுக்குள்ளேயே நுழைத்து விசிறியைக் கட்டுவோரும் உண்டு. மோட்டாரின் அதிர்வில் குழாய் தேய்ந்து ஒழுகத் தொடங்கும்.

இவற்றைவிடக் கொடியது ஒன்று. பல என்ஜின்களில் ஒரே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் ஆல்டர்நேட்டரையும் சேர்த்துச் சுழற்றுகிறது. அந்தப் பெல்ட் அறுந்தால் சார்ஜ் விளக்கு எரிந்து ஓட்டுநரை எச்சரிக்கும். மின்விசிறியின் ஃபியூஸ் போனாலோ, ரிலே ஒட்டிக்கொண்டாலோ, வெப்ப ஸ்விட்ச் செத்தாலோ ஓர் அறிகுறியும் இராது. சமவெளியில் நாள் கணக்கில் அது தெரியவும் தெரியாது. மலையின் முதல் வளைவில்தான் தெரியும்.

இன்னொரு புதிய சுமையும் சேர்ந்திருக்கிறது. புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். ஓட்டுநருக்கு இது நல்ல காலமே. ஆனால் குளிர்சாதனம் வெளித்தள்ளும் வெப்பம் ரேடியேட்டருக்கு முன்னாலேயே கொட்டப்பட்டால், ரேடியேட்டருக்கு வந்து சேரும் காற்று முன்னமே சூடேறியிருக்கும். விசிறியின் வேலை குறையப்போவதில்லை, கூடத்தான் போகிறது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

இவ்வளவும் காகிதக் கணக்கு. மின்விசிறி பொருத்த நினைப்பவர் சாலையிலும் சோதித்துப் பார்க்கலாம், சோதிக்கவும் வேண்டும். ஒரே லாரி, ஒரே ஓட்டுநர், ஒரே எடை, ஒரே சாலை, ஏறக்குறைய ஒரே வெயில் என அமைத்துக்கொண்டு, மாற்றுவதற்கு முன் பத்து நடையும் மாற்றிய பின் பத்து நடையும் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் டாங்கை வாய்வரை நிரப்பி லிட்டரைக் குறிக்க வேண்டும். பருவக்காற்றுக் காலத்தில் போகும் நடையையும் வரும் நடையையும் தனித்தனியே எழுத வேண்டும். சூட்டுமுள்ளின் உச்சநிலையையும் அது நிகழ்ந்த இடத்தையும் குறிக்க வேண்டும். இத்தகைய ஏடு இல்லாத மிச்சக் கணக்கு வெறும் செவிவழிச் செய்தியே. பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல செயல்முறைப் பாடம் கிடைப்பது அரிது.

பட்டறைக்குப் போகும்போது மூன்று கேள்விகளை மறவாமல் கேளுங்கள். ஒன்று: இந்த விசிறி எத்தனை வாட்? இரண்டு: என் ஆல்டர்நேட்டர், மற்ற எல்லாச் செலவும் போக, அத்தனை வாட்டைத் தருமா? மூன்று: என் லாரி முழுச் சுமையோடு மெதுவாக ஏறும் சாலை எது, அங்கே இந்தக் காற்று போதுமா? மூன்றுக்கும் எண்ணால் விடை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்கலாம். 'எல்லாரும் போடுகிறார்கள்' என்று மட்டும் விடை வந்தால், பழைய விசிறி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிபாருங்கள். ரேடியேட்டர்த் தகடுகளில் அடைந்த தூசியையும் பூச்சியையும் நீக்குங்கள். மூடியின் ரப்பரைப் புதுப்பியுங்கள். செலவு குறைந்த இந்த மூன்று வேலைகளும் மலை ஏறும்போது கைகொடுக்கும்.